பசியைக் கட்டும் மூலிகையும் பிரஷர் மாத்திரையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மருந்துச் சீட்டோடு சேர்த்துச் சொல்லப்படும் முதல் வார்த்தை "எடையைக் குறையுங்கள்" என்பதுதான். சரியான வார்த்தை. ஒரு கிலோ குறைந்தால் மேல் அழுத்தம் சராசரியாக 1 புள்ளி இறங்குகிறது. எட்டு, ஒன்பது கிலோ குறைத்தவருக்கு ஒரு மாத்திரை செய்யும் வேலையில் பெரும்பகுதியை அந்த எடைக் குறைவே செய்துவிடும். ஆனால் எப்படிக் குறைப்பது என்று உட்கார்ந்து சொல்ல யாருக்கும் நேரமிருப்பதில்லை. அந்த இடைவெளியில்தான் "பசியைக் கட்டும், முழுக்க மூலிகை, பக்கவிளைவு அறவே இல்லை" என்ற விளம்பரங்கள் புகுந்துகொள்கின்றன. தினமும் பிரஷர் மாத்திரை போடும் உங்கள் வாசகர்களுக்காக, அந்தக் குப்பிகளுக்குள் என்ன இருக்கிறது, அது மாத்திரையை என்ன செய்கிறது என்பதை மருந்தியல் தெரிந்தவர்கள் என்ற முறையில் விளக்க விரும்புகிறோம்.

பயந்துபோனவனுக்குப் பசிக்காது. அந்த நேரத்தில் நரம்பு முனைகளில் நார்அட்ரினலின் என்ற உடலை உசுப்பும் பொருள் கொட்டுகிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, குடல் அடங்கிப்போகிறது, சோறு இறங்க மறுக்கிறது. பசியடக்கும் மூலிகைகளில் கணிசமானவை இந்த நிலையைத்தான் மருந்தாகத் தருகின்றன. எந்த வழியாகப் பசியை அடக்குகின்றனவோ அதே வழியாக அழுத்தத்தையும் ஏற்றுகின்றன. இரண்டையும் பிரித்தெடுக்க முடியாது. பிரஷர் மாத்திரைகளில் பலவும் இதே வழியைத்தான் அடைத்து வைத்திருக்கின்றன. ஒரு கை கதவைச் சாத்த, மறு கை அதே கதவைத் தள்ளுகிறது.

இந்த வகையில் முதல் பெயர் எஃபெட்ரா. சீன மருத்துவத்தில் மா ஹுவாங். இதிலுள்ள எஃபெட்ரின் பசியைக் குறைக்கும், கொழுப்பை ஓரளவு எரிக்கும், அழுத்தத்தை ஏற்றும், இதயத் துடிப்பை ஒழுங்கு தப்ப வைக்கும். மாரடைப்பும் பக்கவாதமும் மரணங்களும் பதிவான பிறகு, 2004-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எஃபெட்ரின் வகைச் சத்துகள் கொண்ட துணை உணவுகளைத் தடைசெய்தது. அதோடு கதை முடியவில்லை. எஃபெட்ரின் வேறு செடிகளிலும் உண்டு; சைடா கார்டிஃபோலியா அவற்றில் ஒன்று. லேபிளில் "எஃபெட்ரா இல்லை" என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் இந்தப் பெயரைப் போட்டால் வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்?

எஃபெட்ரா போன இடத்தில் வந்து அமர்ந்தது கசப்பு ஆரஞ்சு. தாவரப் பெயர் சிட்ரஸ் ஆரண்டியம். பிஞ்சுக் காயிலும் தோலிலும் சினெஃப்ரின் என்ற பொருள் இருக்கிறது. எஃபெட்ரினுக்கு உறவுக்காரன் போன்ற வேதி அமைப்பு. தனியாகச் சிறு அளவில் எடுத்தபோது அழுத்தம் பெரிதாக மாறவில்லை என்று காட்டும் ஆய்வுகளும் உண்டு, ஏறியது என்று காட்டுபவையும் உண்டு. நடைமுறையில் இது தனியாக வருவது குறைவு. பெரும்பாலும் காஃபினோடு கூட்டணி சேர்ந்துதான் வருகிறது. அந்தக் கூட்டில் நாடித்துடிப்பும் அழுத்தமும் ஏறுவதுதான் எங்கள் கவலை. ஆய்வுகளில் பெரும்பாலும் பங்கேற்றவர்கள் இளவயது ஆரோக்கியசாலிகள் என்பதையும் மறக்கக் கூடாது. அவர்களிடம் 3, 4 புள்ளி ஏறினால் ஒன்றும் ஆகாது. ஏற்கெனவே 150-ல் நின்றுகொண்டிருப்பவருக்கு அப்படியல்ல.

காஃபின் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது பல முகமூடிகளில் வருகிறது. குவாரனா விதை, கோலா கொட்டை, யெர்பா மாத்தே இலை, பச்சைத் தேயிலைச் சாறு, வறுக்காத காப்பிக் கொட்டைச் சாறு என ஐந்து பெயர்கள் ஒரே லேபிளில் இருந்தால் அவை ஐந்து மூலிகைகள் போலத் தோன்றும். உள்ளே போவது பெரும்பாலும் ஒரே காஃபின்தான். குவாரனா விதையில் எடைக்கு எடை காப்பிக் கொட்டையைவிட அதிகக் காஃபின் இருக்கிறது. அழுத்தம் உள்ளவர்கள் ஒரே வேளையில் 200 முதல் 300 மில்லிகிராம் காஃபின் எடுத்தால் மேல் அழுத்தம் சுமார் 8 புள்ளியும் கீழ் அழுத்தம் சுமார் 6 புள்ளியும் ஏறி, மூன்று மணி நேரத்துக்கு மேல் நிற்கும் என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். ஆரோக்கியமான பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம், ஒரு வேளைக்கு 200 மில்லிகிராம் என்பதைத்தான் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பாதுகாப்பான உச்ச அளவாகச் சொல்கிறது. காலை, மதியம் இரண்டு வில்லை, நடுவில் வழக்கமான காப்பி, டீ என்று கூட்டிப் பாருங்கள். அந்த எல்லை எவ்வளவு எளிதாகக் கடந்துபோகிறது என்பது புரியும்.

யோஹிம்பே மரப்பட்டை இன்னொன்று. இதை எவ்வளவு சொன்னாலும் தகும். இதிலுள்ள யோஹிம்பின், நார்அட்ரினலின் சுரப்பை நிறுத்தச் சொல்லும் ஆல்ஃபா-2 என்ற வாங்கியை (செல்லில் சேதியைப் பெறும் இடத்தை) அடைத்துவிடுகிறது. பிரேக் கழன்ற வண்டி மாதிரி நார்அட்ரினலின் ஓடுகிறது. குளோனிடின் என்ற பிரஷர் மாத்திரை செய்வதோ நேர் எதிர்: அதே ஆல்ஃபா-2 வாங்கியை அழுத்திப் பிடித்துத்தான் அழுத்தத்தை இறக்குகிறது. இரண்டையும் ஒருவர் சேர்த்து எடுத்தால் மாத்திரை போட்டும் போடாதது போலாகிவிடும். யோஹிம்பே எழுதிய குப்பியைக் குளோனிடின் எடுப்பவர் தொடவே கூடாது. மற்ற பிரஷர் மாத்திரை எடுப்பவர்களுக்கும் எங்கள் பதில் இதேதான்.

அட்டினோலால், மெட்டோபுரோலால், புரோப்ரனோலால் போன்ற பீட்டா தடுப்பு மாத்திரை எடுப்பவர்களிடம் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ஊக்கி மூலிகை எடுத்தால் மற்றவர்களுக்குப் படபடப்பு வரும். "ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை" என்று அவர்களே நிறுத்திவிடுவார்கள். பீட்டா தடுப்பு மாத்திரை அந்தப் படபடப்பை மூடிவிடுகிறது. எச்சரிக்கை மணியைக் கழற்றி வைத்தது போலத்தான். நாடி 70-ல் அமைதியாக இருக்க, அழுத்தம் மட்டும் மேலே போய்க்கொண்டிருக்கலாம். புரோப்ரனோலால் போல இதயத்தோடு மற்ற இடங்களிலும் பீட்டா வாங்கிகளை அடைக்கும் மாத்திரைகளில் ஆபத்து இன்னும் ஒரு படி அதிகம். இரத்தக் குழாயை விரிக்கும் பீட்டா வாங்கியும் அடைபட்டுக் கிடப்பதால், எஃபெட்ரின் போன்ற பொருள் குழாயைச் சுருக்கும்போது எதிர்த்து நிற்க ஆளில்லை. ஆகவே இவர்கள் "எனக்குப் படபடப்பு இல்லை, எனக்கு ஒத்துக்கொள்கிறது" என்று முடிவுகட்டக் கூடாது. அளந்து பார்க்காமல் தெரியாது.

ஹூடியா பற்றி ஒரு வரியாவது எழுதாவிட்டால் இந்தக் கடிதம் முழுமையாகாது. ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பகுதியில் வாழும் சான் மக்கள் நெடுந்தூர வேட்டையின்போது பசி தெரியாமலிருக்க மென்ற சதைப்பற்றுள்ள செடி இது. அந்தப் பின்னணியை வைத்தே உலகம் முழுக்க விற்றார்கள். 2011-ல் வெளியான ஆய்வில், எடை கூடிய, மற்றபடி ஆரோக்கியமான பெண்களுக்கு 15 நாள் இதன் சுத்திகரித்த சாற்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். சாப்பிட்ட அளவும் குறையவில்லை, எடையும் போலி மருந்து எடுத்தவர்களைவிடக் குறையவில்லை. இரத்த அழுத்தமும் நாடியும் மட்டும் ஏறின. பலன் இல்லாமல் கேடு மட்டும் தரும் மருந்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. இதே குடும்பத்தைச் சேர்ந்த கள்ளிமுளையான் சாறும் இப்போது பசியடக்கி என்ற பெயரில் பல கலவைகளில் சேர்க்கப்படுகிறது. அதை வைத்து நடந்த ஆய்வுகள் சிறியவை. ஹூடியாவைப் பற்றிய பாடம் இருக்கும்போது, அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர் அதைத் தானாகத் தொடங்குவது சரியல்ல என்பது எங்கள் கருத்து.

இதுவரை சொன்னது அழுத்தத்தை நேராக ஏற்றுபவை. இன்னொரு வகை மூலிகைகள் அழுத்தத்தைத் தொடுவதில்லை, மாத்திரையைத் தொடுகின்றன. அம்லோடிபைன், நிஃபெடிபின், ஃபெலோடிபின் ஆகிய பிரஷர் மாத்திரைகள் குடலிலும் ஈரலிலும் சிப் 3ஏ4 என்ற நொதியால் சிதைக்கப்படுகின்றன. கசப்பு ஆரஞ்சிலும் கிரேப்ஃப்ரூட்டிலும் உள்ள சில பொருள்கள் குடலில் இந்த நொதியை முடக்கிவிடும். போட்டது ஒரு மாத்திரை, இரத்தத்தில் சேர்வது இரண்டு மாத்திரை அளவு என்றாகும். ஃபெலோடிபினில் இது மிகக் கூடுதல், நிஃபெடிபினில் ஓரளவு, அம்லோடிபைனில் குறைவு. முகம் சிவப்பது, தலைவலி, கணுக்கால் வீக்கம், எழுந்தால் கிறுகிறுப்பு ஆகியவை அடையாளம். வினோதம் என்னவென்றால், அதே கசப்பு ஆரஞ்சில் உள்ள சினெஃப்ரின் அழுத்தத்தை ஏற்றவும் முயலும். ஒருவருக்கு ஏறும், மற்றவருக்கு இறங்கும், ஒருவருக்கே காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று போகும். மருத்துவர் அளவுகளைப் பார்த்துக் குழம்பி மாத்திரையை மாற்றுவார். குப்பியைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற ஹைபெரிகம் செடி இதற்கு எதிர்த் திசையில் வேலை செய்யும். மனநிலையைச் சீராக்கித் தீனி ஆசையைக் குறைக்கும் என்ற பெயரில் எடைக்குறைப்புக் கலவைகளில் சேர்க்கிறார்கள். அது சிப் 3ஏ4 நொதியைப் பெருக்கிவிடும். நிஃபெடிபின், வெராபமில் போன்ற மாத்திரைகள் வேலை செய்யும் முன்பே கரைந்துபோகும். இந்த மாற்றம் ஒரே நாளில் தெரியாது, ஒன்று இரண்டு வாரத்தில் மெல்ல வரும். நிறுத்திய பிறகும் அதே அளவு காலம் எடுத்துத்தான் பழைய நிலைக்குத் திரும்பும். மிளகிலிருந்து பிரித்தெடுத்த பைப்பரின் சாற்றை "உறிஞ்சுதலைக் கூட்டும்" என்று சொல்லியே சேர்க்கிறார்கள். மூலிகையின் உறிஞ்சுதலைக் கூட்டுவது மாத்திரையின் உறிஞ்சுதலையும் கூட்டாதா? புரோப்ரனோலாலில் அப்படித்தான் நடக்கிறது என்று சிறிய ஆய்வொன்று காட்டியிருக்கிறது. பச்சைத் தேயிலை நேடோலால் என்ற பீட்டா தடுப்பு மாத்திரையில் தலைகீழாக வேலை செய்தது: 2014-ல் வெளியான ஆய்வில் தினமும் 700 மில்லி பச்சைத் தேநீரை இரண்டு வாரம் குடித்தவர்களின் இரத்தத்தில் அந்த மாத்திரையின் அளவு ஏறத்தாழ 85 சதவீதம் குறைந்திருந்தது.

மூன்றாவது கண்ணி பொட்டாசியம். பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

நீர் மாத்திரை என்று சொல்லப்படும் ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தலிடோன், இண்டாபமைடு, ஃபுரோசமைடு ஆகியவை சிறுநீரோடு பொட்டாசியத்தையும் வெளியேற்றும். பல கூட்டு மாத்திரைகளில் இவை இரண்டாவது மருந்தாக ஒளிந்திருக்கும். அட்டையின் பின்புறம் படித்தால்தான் தெரியும். எடைக்குறைப்புக் கலவைகளில் நிலாவாரை இலையும் கற்றாழைப் பாலை உலர்த்திச் செய்யும் கரியபோளமும் அடிக்கடி வருகின்றன. இவை பேதி மருந்துகள். குறைவது நீரும் மலமும், கொழுப்பு அல்ல. எடை பார்க்கும் இயந்திரத்தில் மட்டும் ஒன்றரைக் கிலோ காணாமல் போகும். ஆனால் குடல் வழியாகவும் பொட்டாசியம் போய்விடும். சிறுநீரில் ஒரு ஓட்டை, குடலில் ஒரு ஓட்டை. இதில் அதிமதுரமும் சேர்ந்தால் மூன்றாவது ஓட்டை.

அதிமதுரத்தைச் சுவைக்காகத்தான் சேர்க்கிறார்கள், லேபிளில் கடைசி வரியில் இருக்கும். அதிலுள்ள கிளிசரைசின், சிறுநீரகத்தில் கார்ட்டிசோல் என்ற ஹார்மோனைச் செயலிழக்கச் செய்யும் நொதியைத் தடுக்கிறது. செயலிழக்காத கார்ட்டிசோல், உப்பைத் தக்கவைக்கும் ஆல்டோஸ்டிரோன் ஹார்மோனின் வேலையைச் செய்யத் தொடங்கும். உப்பு உடலில் தங்கும், பொட்டாசியம் போகும், அழுத்தம் ஏறும். தினம் 100 மில்லிகிராம் கிளிசரைசினுக்கு மேல் போகாமலிருப்பது நல்லது என்பது ஐரோப்பிய வழிகாட்டல். எளிதில் பாதிக்கப்படுபவர்களுக்கு அதற்குக் குறைவிலும் அழுத்தம் ஏறலாம். நிறுத்திய மறுநாளே சரியாகிவிடாது, சில வாரங்கள் இழுக்கும். இரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5-க்கும் 5.0 மில்லிமோலுக்கும் இடையில் இருக்க வேண்டும். 3-க்குக் கீழே போனால் கால் தசைகள் இழுக்கும், மாடிப்படி ஏறத் தெம்பிருக்காது, இதயத் துடிப்பு இடறும். டிகாக்சின் என்ற இதய மருந்து எடுப்பவருக்கு இது உயிருக்கே ஆபத்து.

வேறு சிலருக்குத் திசை மாறும். எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் எடுப்பவர்களின் உடலில் பொட்டாசியம் தங்கும். அவர்கள் பொட்டாசியம் நிறைந்த டேண்டலியன் இலை போன்ற "நீர் இறக்கும்" மூலிகைகளை எடுத்தால், சிறுநீரகம் சற்றுப் பழுதுபட்டிருக்கும் நிலையில் பொட்டாசியம் எகிறிவிடலாம். பசியே எடுக்காமல் சரியாகச் சாப்பிடாமலும் தண்ணீர் குடிக்காமலும், கூடவே பேதியும் ஆகிக்கொண்டிருந்தால் இதே மாத்திரைகள் சிறுநீரகத்தை மேலும் சிரமப்படுத்தும். நாக்கு வறண்டு, சிறுநீர் குறைந்து மஞ்சளாகப் போனால் அது எடை குறையும் அடையாளமல்ல. அன்றே மருத்துவரிடம் பேச வேண்டிய அடையாளம்.

எல்லாவற்றையும் தள்ளிவிடச் சொல்லவில்லை. நார்ச்சத்து வகைகள் வேறு இனம். இசப்கோல் உமி, கோன்ஜாக் கிழங்கிலிருந்து எடுக்கும் குளுக்கோமன்னன் இரண்டும் நரம்பைத் தொடுவதில்லை. வயிற்றில் தண்ணீரைக் குடித்து ஊதி, நிறைந்த உணர்வைத் தருகின்றன. இசப்கோல் அழுத்தத்தைச் சிறிதளவு குறைக்கவும் செய்கிறது. எதையாவது எடுத்தே தீருவேன் என்பவருக்கு நாங்கள் காட்டும் இடம் இதுதான். ஆனால் எடுக்கும் முறை தெரிந்திருக்க வேண்டும்.

குளுக்கோமன்னனுக்கு ஐரோப்பாவில் ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு, ஒவ்வொரு முக்கிய உணவுக்கும் முன் 1 கிராம் வீதம் மூன்று வேளை, ஒவ்வொரு வேளையும் ஒன்று இரண்டு கிளாஸ் தண்ணீருடன், அதுவும் உணவின் அளவைக் குறைத்துக்கொண்டால் மட்டுமே. மாத்திரை வடிவில் விழுங்கினால் தொண்டையில் நின்று அங்கேயே ஊதி உணவுக்குழாயை அடைத்துவிடலாம். இதனால்தான் 1980-களில் ஆஸ்திரேலியாவில் அந்த மாத்திரைகளைத் தடைசெய்தார்கள். தூளாக வாங்கி, நிறையத் தண்ணீரில் கலக்கி, கெட்டியாகும் முன் குடித்துவிட வேண்டும். இசப்கோலுக்கும் ஒரு வேளைக்குக் குறைந்தது 240 மில்லி தண்ணீர். படுக்கப்போகும் முன் எடுக்கக் கூடாது. விழுங்கச் சிரமம் உள்ளவர்கள், உணவுக்குழாய் அல்லது குடல் சுருங்கியவர்கள், இதயம் அல்லது சிறுநீரக நோய்க்காகத் தண்ணீர் அளவைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் இதைத் தொடக் கூடாது. மாத்திரையோடு சேர்த்து எடுத்தால் அந்தக் கூழுக்குள் மாத்திரை சிக்கித் தாமதமாகும். எனவே பிரஷர் மாத்திரையை முதலில் போட்டுவிட்டு, நார்ச்சத்தைக் குறைந்தது இரண்டு மணி நேரம் தள்ளி எடுங்கள். சர்க்கரைக்கும் மாத்திரை எடுப்பவர் என்றால் இரத்தச் சர்க்கரையும் இறங்கலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

குடம்புளிச் சாற்றைப் பற்றிச் சுருக்கமாக. அதிலுள்ள ஹைட்ராக்சிசிட்ரிக் அமிலம் எடையைக் குறைக்கும் என்பதற்கு ஆதாரம் மெலிது. அழுத்தத்தில் அதன் பங்கைவிட ஈரலில் அதன் பங்குதான் கவலை தருகிறது. அதை எடுத்தவர்களுக்கு ஈரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. செறிவூட்டிய பச்சைத் தேயிலைச் சாறும் அப்படியே. அதிலுள்ள இஜிசிஜி என்ற முக்கியப் பொருள் தினம் 800 மில்லிகிராம் அளவைத் தொட்டால் ஈரல் நொதிகள் ஏறுகின்றன என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் சொன்னது. கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுப்பது, வலது விலாவின் கீழ் வலி என்றால் உடனே நிறுத்த வேண்டும்.

இப்போது லேபிளில் இல்லாதவற்றுக்கு வருவோம். எங்களைப் பொறுத்தவரை இதுதான் எல்லாவற்றிலும் மோசமானது, ஏனென்றால் படித்துப் பார்த்துத் தப்பிக்க வழியில்லை. சிபுட்ரமின் ஒரு காலத்தில் முறையான பசியடக்கும் மருந்து. இதய நோயோ சர்க்கரை நோயோ உள்ள ஏறத்தாழ 10,000 பேரிடம் நடந்த ஆய்வில் மாரடைப்பும் பக்கவாதமும் கூடியது தெரிந்ததால் 2010-ல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் திரும்பப் பெறப்பட்டது. மருந்துக் கடையை விட்டுப் போன அது "இயற்கை மூலிகை" குப்பிகளுக்குள் குடிபுகுந்தது. பல நாடுகளின் ஆய்வகங்கள் இன்றுவரை எடைக்குறைப்புப் பொடிகளிலும் வில்லைகளிலும் அதைக் கண்டுபிடித்துக்கொண்டே இருக்கின்றன. கூடவே ஃபினால்ஃப்தலின் என்ற பழைய பேதி மருந்தும், நீர் மாத்திரைகளும் கிடைத்திருக்கின்றன. வீட்டில் சோதிக்க வழியில்லை. ஆனால் சில அடையாளங்கள் உண்டு. மூலிகை என்று சொல்லப்படும் ஒன்று முதல் நாளிலேயே பசியைச் சுத்தமாக நிறுத்துகிறது, வாய் உலர்கிறது, தூக்கம் போகிறது, மலம் கட்டுகிறது, நாடி 90-ஐத் தாண்டுகிறது என்றால் உள்ளே வேறு எதுவோ இருக்கிறது என்று சந்தேகியுங்கள். எந்தச் செடியும் அவ்வளவு சீக்கிரம் அவ்வளவு சுத்தமாக வேலை செய்வதில்லை.

செடி மாறிப்போவதும் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் எடைக்குறைப்புக்காகக் கொடுக்கப்பட்ட வில்லைகளில் ஸ்டெஃபானியா என்ற செடிக்குப் பதில் அரிஸ்டோலோகியா கலந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் சிறுநீரகம் கெட்டது. பலருக்கு டயாலிசிஸ் அல்லது மாற்றுச் சிறுநீரகம் வரை போனது, சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. இரத்த அழுத்தம் ஏற்கெனவே சிறுநீரகத்தை அரித்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இதைவிடப் பெரிய அநியாயம் இருக்க முடியாது.

ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பவர் என்ன செய்வது? குப்பியை நிறுத்துங்கள், பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீர்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம், "இரண்டும் சேரக் கூடாது" என்று கேள்விப்பட்டு மாத்திரையை விடுபவர்களும் இருக்கிறார்கள். குளோனிடினையோ பீட்டா தடுப்பு மாத்திரையையோ திடீரென்று விட்டால் அழுத்தமும் துடிப்பும் முன்பைவிட மேலே பாயும். ஊக்கி மூலிகைகளை ஒரே நாளில் விடலாம். காஃபின் அதிகம் இருந்திருந்தால் சில நாள் தலைவலி வரலாம், அவ்வளவுதான். குப்பியைத் தூக்கி எறியாமல் லேபிளோடு மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ எடுத்துப் போங்கள். "தனியுரிமைக் கலவை, 900 மில்லிகிராம்" என்று மொத்த எடையை மட்டும் போட்டு ஒவ்வொரு செடியின் அளவையும் மறைத்திருந்தால், அதையும் காட்டுங்கள். ஹைபெரிகமோ அதிமதுரமோ இருந்திருந்தால் நிறுத்திய பிறகும் சில வாரங்கள் அழுத்தம் ஆடும், ஆகவே அந்தக் காலத்தில் அளந்துகொண்டே இருக்க வேண்டும். பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், ஈரல் நொதிகள் ஆகிய மூன்று இரத்தப் பரிசோதனைகள் போதும், பெரும்பாலான சேதம் அதில் தெரிந்துவிடும். அறுவை சிகிச்சை நாள் குறித்தவர்கள் இரண்டு வாரம் முன்பே எல்லா மூலிகைத் துணை உணவையும் நிறுத்தி, மயக்க மருந்து மருத்துவரிடம் பெயர் சொல்லிவிட வேண்டும்.

வீட்டில் அளப்பதற்கும் முறை உண்டு. மேற்கையில் கட்டும் கருவியே நல்லது, பட்டை கையின் சுற்றளவுக்குப் பொருந்த வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டை கட்டினால் அளவு பொய்யாக ஏறும். அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து காப்பி, புகை, உடற்பயிற்சி கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, கால் மேல் கால் போடாமல், கையை இதய மட்டத்தில் வைத்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை, காலையில் மாத்திரைக்கு முன்பும் மாலையிலும், ஏழு நாள். முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியைப் பாருங்கள். வீட்டு அளவில் 135/85 எல்லைக்கோடு. அழுத்தம் 180/120-ஐத் தாண்டி, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், கண் மங்கல், ஒரு பக்கம் கை கால் வலுவிழப்பு, பேச்சுக் குழறல் இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. உணவாலும் நடையாலும் நார்ச்சத்தாலும் உண்மையாகவே எடை குறைந்தால், பழைய மாத்திரை அளவு அதிகமாகிவிடும். படுக்கையிலிருந்து எழுந்ததும் கண் இருட்டுகிறதா, மேல் அழுத்தம் அடிக்கடி 110-க்குக் கீழே போகிறதா என்று பார்த்து, மருத்துவரிடம் அளவைக் குறைத்துத் தரக் கேளுங்கள். நல்ல செய்தியோடு வரும் கிறுகிறுப்புத்தான், ஆனால் விழுந்து இடுப்பு ஒடிந்தால் நல்ல செய்தி நிலைக்காது.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். எடைக்குறைப்பு மூலிகை பற்றிய குறிப்போ விளம்பரமோ உங்கள் பக்கத்தில் வரும்போது, செடியின் தாவரப் பெயர், எந்தப் பாகம், ஒரு வேளைக்கு எத்தனை மில்லிகிராம், காஃபின் மொத்தம் எவ்வளவு என்ற நான்கும் இல்லாமல் அச்சேற்றாதீர்கள். கூடவே "இரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம் ஆகியவற்றுக்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது" என்ற வரி, பொடி எழுத்தில் அல்லாமல், மற்ற வரிகளின் அதே அளவு எழுத்தில் இடம்பெறட்டும்.

இப்படிக்கு,
மருந்தாளுநர்களும் மருந்தியல் ஆசிரியர்களுமான வாசகர்கள் சிலர்